கைகளை மீட்டவர்

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் தெருவைச் சுற்றி லேத் பட்டறைகள் அதிகம். விரலில் கட்டுடன் வேலைக்குப் போகிறவர்களைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். கை போனால் பிழைப்புப் போயிற்று என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, டாக்டர் பால் பிராண்டின் வரலாறு என் மனத்தைப் பற்றிக்கொண்டது.

பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். அவர் பிறந்ததோ நம் கொல்லிமலையில், 1914-இல். ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். பள்ளி முடித்ததும் கற்றது தச்சும் கட்டட வேலையும்தான்! பிறகே லண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்ற அவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் இவருக்கு வலி தாங்கவில்லை. செத்த கை என்று உலகம் ஒதுக்கிய கைக்குள் வலுவான தசைகள் இருந்தன! நோய் தாக்கியது சில நரம்புகளைத்தான்; முன்கைத் தசைகள் பல தப்பியிருந்தன. அவற்றுள் ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் நிமிர்ந்த கைக்குப் பிச்சை குறைந்தது. வேலை தருவாரும் இல்லை. எனவே கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் அமைத்து, அவர்களுக்குத் தச்சு கற்பித்தார். பழைய தொழில் கைகொடுத்தது.

அங்கேதான் மற்றோர் உண்மை புலப்பட்டது. எங்கள் பட்டறையில் சூடான இரும்பைத் தொட்டவர் உடனே கையை உதறுவார். வலி உணராதவர் உதறுவதில்லை. தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று நானும் நம்பியிருந்தேன். அப்படியன்று, அறியாமல் பட்ட காயங்களே விரல்களைத் தின்றன. சிலரது விரல்களை இரவில் எலிகள் கடித்தும் அவர்கள் விழிக்கவில்லை. பிறகு வீடு திரும்புவோருடன் பூனைகளையும் அனுப்பினார்கள்.

1960-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, அழுத்தம் மிகுந்தால் எச்சரிக்கும் கருவியை நோயாளிகளுக்காக உருவாக்க முயன்றார். அவர்களோ, எச்சரிக்கை தொல்லையானபோது கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப்பின் அம்முயற்சியைக் கைவிட்டார். 2003-இல் சியாட்டிலில் காலமானார்.