இதழியல் பள்ளி இல்லாத காலத்தின் இதழாளர் இரட்டைமலை சீனிவாசன்

எரியோடு, வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் பட்டப்படிப்பு முடித்த நம் பிள்ளைகளில் சிலர், நிருபராக என்ன படிக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்கிறார்கள். சிலருக்கு ஆசை இருந்தும் கேட்பதில்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் சென்னையில் ஆள் தெரிந்தவர்களுக்கும் உரிய வேலை அது என்று நினைத்து, நூற்பாலை வேலைக்கே போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக இந்த வாரம் ஒரு பத்திரிகை ஆசிரியரின் வாழ்க்கையைச் சொல்கிறோம். அவர் இரட்டைமலை சீனிவாசன். வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், சட்டமன்றத்தில் பேசியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கெல்லாம் முன்னால் அவர் பத்திரிகை நடத்தியவர். அந்தத் தொழிலை அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளியும் இல்லை.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1860-ஐ ஒட்டிய காலம் அது. சாதிக் கொடுமையும் வறுமையும் துரத்த, குடும்பம் தஞ்சாவூருக்குப் போய், பிறகு கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. கோவையில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள் இருந்தார்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். நண்பர்களிடம் நெருங்கிப் பழகினால் ஊரையும் உறவையும் சாதியையும் கேட்பார்கள் என்ற அச்சத்தில், மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் அவர் வெளியே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் கூடவே வந்துவிடாதபடி விரைந்து வீட்டுக்குப் போய்விடுவார். பிற்காலத்தில் 1939-ல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

படிப்புக்குப் பிறகு நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். பத்தாண்டுக் காலம் வரவு செலவு எழுதிய கை அது. ஒரு தொகையை எழுதினால் அதற்கு ரசீது இருக்க வேண்டும், விடுபட்டது எதுவும் இருக்கக் கூடாது என்பது கணக்கரின் ஒழுக்கம். அவர் பிறகு நடத்திய பத்திரிகையிலும் எழுதிய மனுக்களிலும் அந்த ஒழுக்கத்தைப் பார்க்கிறோம். பத்திரிகைத் தொழிலுக்கான அவருடைய முதல் பயிற்சி கணக்கு மேசையில் கிடைத்தது என்றே நாம் கொள்ளலாம்.

பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகை

1890-ல் சென்னைக்கு வந்தார். வந்தவுடன் எழுதத் தொடங்கிவிடவில்லை. பழைய நூல்களைத் தேடிப் படித்தார். கிராமங்களுக்குப் போய் நிலமில்லாத மக்களின் நிலையைக் கேட்டறிந்தார். 1891-ல் பறையர் மகாஜன சபை உருவானது. 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே மாதப் பத்திரிகையைத் தொடங்கினார்.

அந்தப் பெயரை வைத்ததற்காக அவரைக் கேட்டவர்கள் உண்டு. எந்தச் சொல்லால் ஊர் இழிவு செய்கிறதோ, அந்தச் சொல்லைத் தலைநிமிர்ந்து சொன்னால்தான் இழிவு போகும் என்பது அவர் எண்ணம். அவருடைய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் சிந்தித்தார். பௌத்தம், பூர்வ குடி, தமிழன் என்ற அடையாளங்களை முன்வைத்து 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் நம் செய்தியை நாமே எழுதி நாமே அச்சிட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

‘பறையன்’ முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய். நான்கு பக்கம், விலை இரண்டணா. இராயப்பேட்டையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. எழுத்தறிவு பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சமூகத்தில் 400 பிரதிகள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. மூன்று மாதத்தில் அது வாரப் பத்திரிகை ஆனது. இரண்டு ஆண்டுக்குள் சொந்த அச்சுக்கூடமும் வந்தது.

அச்சுக்கூடம் சொந்தமாக இருப்பதன் அருமையைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். அன்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். கோத்த பக்கத்தைத் தலைகீழாகப் படித்துப் பிழை பார்க்க வேண்டும். அச்சகக்காரர் வேறு சாதிக்காரராக இருந்து, இந்தச் செய்தியை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த வாரம் பத்திரிகை இல்லை. ஆசிரியர், செய்தியாளர், பிழை திருத்துநர், சந்தாக் கணக்குப் பார்ப்பவர் என்று எல்லா வேலையின் பாரமும் ஒருவர் தோளில்தான் இருந்தது.

112 அடி நீள மனு

1893-ல் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று கோரிக்கை எழுந்திருந்தது. படிப்பு முழுவதும் மேல்சாதியார் கையில் இருக்கும்போது தேர்வு இங்கே நடந்தால் அதிகாரமும் முழுவதும் அவர்கள் கைக்கே போகும் என்று சீனிவாசன் கருதினார். டிசம்பர் 23 அன்று சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீளமுள்ள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

அந்த நிலைப்பாடு தேசிய இயக்கத்துக்கு எதிரானது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். செய்தி எழுத விரும்புகிறவர்கள் இதில் கற்க வேண்டியது வேறு ஒன்று. எங்கள் மக்கள் இதை விரும்பவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அவர் நிற்கவில்லை. எத்தனை பேர் விரும்பவில்லை என்று பெயரோடு கணக்குக் காட்டினார்.

ஒரு கடிதம், நூறு ரூபாய் அபராதம்

பத்திரிகை நடந்துகொண்டிருந்தபோது அவர்மீது வழக்கு வந்தது. ஆசிரியருக்கு வந்த கடிதம் ஒன்றை வெளியிட்டதை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கு. நீதிமன்றம் நூறு ரூபாய் அபராதம் விதித்தது. பத்து ரூபாய் முதலில் தொடங்கிய பத்திரிகைக்கு நூறு ரூபாய் அபராதம் என்றால் அது எப்பேர்ப்பட்ட அடி என்று பாருங்கள். சமூகத்தார் பணம் கட்டி அவரைக் காப்பாற்றினார்கள்.

அவதூறுச் சட்டம் என்ன சொல்கிறது, வாசகர் கடிதத்தை அச்சிட்டாலும் ஆசிரியர்தான் பொறுப்பா, எந்தச் சொல்லுக்கு என்ன ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பவை இன்று இதழியல் வகுப்பில் சொல்லித்தரப்படும் பாடங்கள். சீனிவாசனுக்கு அந்தப் பாடத்தைக் குற்றவாளிக் கூண்டு கற்றுக்கொடுத்தது. பயிற்சிக்குக் கட்டணம் கட்டாதவர்கள் அபராதமாகக் கட்ட வேண்டியிருந்த காலம் அது.

நம் நாட்டில் இதழியலைப் பாடமாக நடத்தும் முயற்சியை அன்னி பெசன்ட் அடையாறில் தொடங்கியது 1920-ல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு வந்தது 1947-ல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சீனிவாசன் காலமாகிவிட்டார்.

ஆசிரியர் கப்பலேறினார், பத்திரிகை நின்றது

1900-ல் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நம் மக்களின் நிலையை ஆட்சியாளர்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். ஊர் திரும்ப இருபது ஆண்டுகளாயின.

அவர் போனதோடு ‘பறையன்’ நின்றுவிட்டது. ஏழு ஆண்டுகள் நடந்த பத்திரிகை, சொந்த அச்சுக்கூடமும் வாசகர்களும் இருந்த பத்திரிகை, எடுத்து நடத்த ஆள் இல்லாமல் நின்றது. அதன் முழுத் தொகுதி இன்று நம் கையில் இல்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அயோத்திதாசர் 1914-ல் மறைந்த பிறகு ‘தமிழன்’ நீண்ட நாள் நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழும், அவர் மீண்டும் லண்டனுக்குப் படிக்கப் போன பிறகு தடுமாறி நின்றது. அவர் ஓயாமல் 1927-ல் ‘பகிஷ்கிருத் பாரத்’, 1930-ல் ‘ஜனதா’ என்று திரும்பத் திரும்பத் தொடங்கினார்.

தலைவர்களுக்கு அக்கறை இல்லாமல் போகவில்லை, வாசகர்களுக்கும் பற்று இருந்தது. பத்திரிகை நடத்தத் தெரிந்த இரண்டாம் வரிசை மட்டும் இல்லை. அதை உருவாக்கப் பள்ளியும் இல்லை, பணமும் இல்லை. ஒருவரை நம்பி நடக்கும் பத்திரிகை அந்த ஒருவரின் ஆயுளுக்கு மேல் வாழாது. சீனிவாசன் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

நிருபரின் கண், சட்டமன்றத்தின் குரல்

ஊர் திரும்பியவர் 1923-ல் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். 1924-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நம் கிராமங்களின் வரலாற்றில் பெரியது. பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் யாரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. எந்தெந்த இடத்தில் தடுக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்திய அந்த வாசகத்தில் பழைய பத்திரிகையாளரின் கண் இருக்கிறது. 1930-லும் 1931-லும் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு அமர்ந்து நம் பக்கத்தைப் பேசினார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

இன்றைய நிலை

அவருடைய காலத்தில் இல்லாத பள்ளிகள் இன்று இருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து அது தூரமில்லை. அந்தத் துறையின் பேராசிரியர் ஜெ. பாலசுப்பிரமணியம்தான் 1869 முதல் 1943 வரை நம்மவர்கள் நடத்திய இதழ்களைத் தேடி எடுத்து, ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலாக எழுதியவர். இதழியல் கற்பிக்கும் ஒருவர் வகுப்பறையைத் தாண்டி ஆய்வு செய்தால் மறைந்துபோன ஒரு வரலாறே மீண்டு வரும் என்பதற்கு அது சான்று. இந்த வரலாறு எல்லாக் கல்லூரிகளின் இதழியல் பாடத்திலும் இடம்பெற வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் பயிற்சி வேண்டும்.

பள்ளிகள் வந்தாலும் வாசல் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் செய்தி நிறுவனங்களில் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 106-ல் மேல்சாதியார் இருந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

இதன் விளைவு நம் ஊர்ச் செய்தியிலேயே தெரியும். சேரிக்குள் புகுந்து தாக்கினால் இரு தரப்பினர் மோதல் என்று தலைப்பு வருகிறது. சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டால் போக்குவரத்துப் பாதிப்பு மட்டும் செய்தியாகிறது, மறித்தது ஏன் என்பது வருவதில்லை. எல்லா நிருபர்களும் தீய எண்ணத்தோடு இப்படி எழுதுவதில்லை. கிராமப்புறச் செய்தியாளர்கள் பலருக்கு நிலையான சம்பளமும் இல்லை, முறையான பயிற்சியும் இல்லை. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானதா என்று காவல் நிலையத்தில் கேட்க வேண்டும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது, காவலர் சொன்னதோடு நிறுத்தாமல் பாதிக்கப்பட்டவரின் தெருவுக்கும் போக வேண்டும் என்பதெல்லாம் சொல்லித்தந்தால் வந்துவிடும் பழக்கங்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும்.

மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது

பட்டயம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். என்ன தீர்மானம் போட்டார்கள், யார் பேசினார்கள், நம் தெருவின் குடிநீர்க் குழாயைப் பற்றி என்ன முடிவானது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எண்களைச் சரிபாருங்கள். 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதப் பழகுங்கள். எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள். எழுதியதை ஊர் ஆசிரியரிடமோ அண்ணன் அக்காவிடமோ காட்டித் திருத்துங்கள். ஆங்கிலம் பிறகு வரும். சீனிவாசன் ஆங்கிலம் அறிந்தவர்தான், ஆனாலும் பத்திரிகையைத் தமிழில் நடத்தினார்.

பெரியவர்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூலை 7 அவர் பிறந்த நாள், செப்டம்பர் 18 நினைவு நாள். படத்துக்கு மாலை போடுவதோடு, அந்த நாளில் சமுதாயக் கூடத்தில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்தி எழுதும் பயிற்சி ஒன்று நடத்துங்கள். அனுபவமுள்ள நிருபர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அழையுங்கள். ஒலிபெருக்கிக்கும் விளம்பரப் பதாகைக்கும் ஆகும் பணத்தில் இதை நடத்திவிடலாம். அந்த இருபது பேரில் இரண்டு பேர் தொடர்ந்து எழுதினாலே, இந்த வட்டாரத்துச் செய்திகளை நம் பக்கத்திலிருந்து பார்த்து எழுத இரண்டு பேர் இருப்பார்கள்.