ஹோமி பாபா: அணுவையும் செலவையும் கணக்கிட்ட அறிஞர்

விழா மலரொன்றிலே அணுவிஞ்ஞானி ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுந்தது ஏனென அன்பர் சிலர் வினவலாம். கட்டிட நிதிக்குக் கணக்கெழுதிக் களைத்த பழைய மாணவர் அவ்வாறு வினவமாட்டார். மதிப்பீட்டில் எழுதிய தொகைக்குள்ளே கூரையிட்டு முடிந்த மண்டபம் அவர் கண்டதில்லை. ஒரு பெருந்தேசம் அத்தகைய மதிப்பீடொன்றின் முன்னே நின்று தயங்கிய காலத்தில், அம்மதிப்பீட்டை வகுத்தளித்தவர் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவார்.

அன்னார் 1909ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் பம்பாயிலே, செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த பார்சிக் குடும்பத்தில் தோன்றினார். மைந்தர் எந்திரவியல் கற்று டாட்டா உருக்காலையில் அமரவேண்டுமென்பது தந்தையாரின் எண்ணம். 1927இல் கேம்பிரிட்ஜ் சென்ற மைந்தரின் உள்ளமோ பௌதிகத்தை நாடிற்று. தந்தை சொல்லையும் தட்டாது, 1930இல் எந்திரவியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்திய பின்னரே விரும்பிய துறையிற் புகுந்தார். அண்டவெளிக் கதிர்கள் வளிமண்டலத்திற் பட்டுப் பொழிவாகப் பெருகும் விதத்தை, ஹைட்லர் என்னும் அறிஞருடன் இணைந்து 1937இல் விளக்கினார். 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்தியது. பெங்களூரிலே சர் சி. வி. இராமனின் துறையிற் பணியாற்றிய அவர், 1941இல் முப்பத்தொரு வயதிலேயே ரோயல் சங்கத்தின் அங்கத்தவரானார்.

அதன்பின் ஆராய்ச்சியாளர் நிருவாகியுமானார். டாட்டா அறநிதியின் துணையால் 1945இல் அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடக்கினார். 1948இல் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவரானார். ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்டில் திரொம்பேயில் இயங்கலாயிற்று. கனடாவின் உதவியோடு சைரஸ் உலை 1960இல் எழுந்தது. அதிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 1964இல் அமைந்தது. இவற்றுக்கிடையே ஓவியம் தீட்டவும் மேனாட்டு இசை கேட்கவும் அவருக்கு நேரமிருந்தது. கட்டிடத்துக்கு இடையூறாக நின்ற மரங்களை வெட்டவிடாது, வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்தவர் அவர்.

1964 ஒக்டோபர் 16ஆம் நாள் சீனம் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. எட்டு நாட்களின் பின்னர் பாபா வானொலியிற் பேசினார். பத்துக் கிலோதொன் வெடிக்குப் பதினேழரை இலட்சம் ரூபாய், ஐம்பது அணுகுண்டுகளுக்குப் பத்துக் கோடிக்கும் குறைவு என்பது அவர் தந்த கணக்கு. அதே உரையில் உலகம் படைக்கலந் துறக்கவேண்டுமெனவும் வேண்டினார். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது ரூபாய்க் கணக்கே. அக்கணக்கோ, ஆலைகளையெல்லாம் முன்னரே கட்டிவைத்திருந்த அமெரிக்கா வெளியிட்ட விலைப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. உலையின் செலவும், ஆலையின் செலவும், குண்டைச் சுமக்கும் விமானத்தின் செலவும் அதிற் சேரவில்லை.

பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குண்டை விரும்பினாரல்லர். ஆயினும் ஆக்கப் பணிகளுக்கான நிலத்தடி வெடிப்பை ஆராய்ந்து ஆயத்தஞ்செய்ய இசைந்தார். 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை வானிலும் நீரிலும் வெடித்தலை விலக்கியிருந்தது; எஞ்சியது நிலத்தடி ஒன்றே. பாபா அப்பணியை இராஜா ராமண்ணாவிடம் ஒப்படைத்தார். 1966 ஜனவரி 11இல் சாஸ்திரி மறைந்தார். பதின்மூன்றாம் நாள், வியன்னா மாநாட்டுக்குச் சென்ற பாபாவின் விமானம் மொண்ட் பிளாங் மலையில் மோதி வீழ்ந்தது. அவருக்கு வயது ஐம்பத்தாறு.

அடுத்துத் தலைமையேற்ற விக்ரம் சாராபாய் அவ்வாயத்தத்தை நிறுத்தினார். எனினும் பயின்ற மனிதரும் சேர்ந்த புளுட்டோனியமும் எஞ்சியிருந்தமையால் பணி மீண்டும் தளிர்த்தது. இராஜஸ்தானத்துப் பொக்ரானிலே முதலில் தோண்டிய குழியில் நீர் ஊறியதால் வேறிடந் தேடினர். 107 மீற்றர் ஆழத்தில் 1974 மே 18ஆம் நாள் வெடித்தனர். உடனே கனடா தன் உதவியை நிறுத்தியது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் கூடி விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தன. இவ்விழப்புக்கு 1964ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. 1980களின் தொடக்கத்திலே தோண்டிக் காத்துவந்த குழிகளில் 1998இல் மீண்டும் வெடித்தனர். நிலத்தடி வெடிப்பையும் விலக்கும் உடன்படிக்கையில் இலங்கை 1996இல் ஒப்பமிட்டு 2023இல் அதனை உறுதிசெய்தது, இந்தியா ஒப்பமிடவில்லை.

பாபாவின் பெருமையை இக்குறை குன்றச்செய்யாது. வெறுநிலத்தில் ஆராய்ச்சிச் சாலைகளை எழுப்பி, ஆயிரமாயிரம் இளைஞரை விஞ்ஞானத்துக்கு ஈன்றளித்தவர் அவர். ஆயினும் அவர் எழுதாது விட்ட வரிகளையும் மாணவர் படித்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் எம் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. குடிகளை இடம்பெயர்க்கும் செலவு மட்டும் உரிய காலத்தில் எவருடைய மதிப்பீட்டிலும் ஏறவில்லை. நாளை கந்தோர்களிலும் சபைகளிலும் அமர்ந்து கணக்கெழுதப்போகும் மாணாக்கர், தொகையைக் கூட்டுமுன் விடுபட்டது யாதென ஒருமுறை நோக்குவாராக.