வண்டி ஏறி நொறுங்கிய விலா எலும்பு... ஈரத்துணியால் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த விவசாயி! யார் இந்த ப்ரீஸ்னிட்ஸ்?

கால் சுளுக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்வோம்? ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுப்போம். ஆனால், 200 வருடத்துக்கு முன்னால் வெறும் குளிர்ந்த நீரை வைத்தே பெரிய சிகிச்சை மையத்தை நடத்திய ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை, பள்ளிப் படிப்புகூட சரியாக இல்லாத விவசாயி. பெயர் வின்சென்ஸ் ப்ரீஸ்னிட்ஸ்.

கைவிரித்த மருத்துவர்

1799-ல் ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்த கிராஃபென்பெர்க் மலை கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் செக் குடியரசில் இருக்கிறது. அடிபட்ட மான் ஒன்று தினமும் ஊற்று நீரில் காயத்தை நனைத்ததைச் சிறுவயதில் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு.

பதின்ம வயதில் அவர் மீதே பாரவண்டி ஏறியது. விலா எலும்புகள் உடைந்தன. பார்த்த மருத்துவர் கைவிரித்துவிட்டார். ப்ரீஸ்னிட்ஸ் விடவில்லை. நாற்காலியில் வயிற்றை அழுத்தி, மூச்சை இழுத்து எலும்பை நிமிர்த்தி, ஈரத்துணியை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார். மெல்ல மெல்ல எழுந்து நடந்தார்.

பஞ்சுக்குள் மந்திரமா?

செய்தி பரவியது. சுளுக்கு, மூட்டு வலி என்று ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். கடுப்பான எதிராளிகள், அவர் துடைக்கும் பஞ்சில் ஏதோ மந்திரம் இருப்பதாகப் புகார் கொடுத்தனர். சோதித்தால் வெறும் தண்ணீர்! வழக்கு, விசாரணை எல்லாவற்றையும் தாண்டி வந்தார்.

1839-ல் மட்டும் சுமார் 1,500 பேர் அவரைத் தேடி வந்தனர். அதில் இளவரசர்களும் பிரபுக்களும் அடக்கம். அவர்களும் மலையருவி நீரில் நடுங்கிக்கொண்டு குளித்தார்கள், விறகு வெட்டினார்கள். 1851-ல், 52 வயதில் ப்ரீஸ்னிட்ஸ் இறந்தார். போலிஷ் மொழியில் ஷவருக்கு இன்றும் அவர் பெயர்தான்: ப்ரிஷ்னிட்ஸ்!

உண்மையில் குளிர் என்ன செய்கிறது?

குளிர் பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், நரம்பு வழியே வலி செல்லும் வேகம் குறையும். அதனால் வலி மட்டுப்படும். ஆனால், எலும்பைக் குளிர் ஒட்டவைப்பதில்லை. உடைந்த விலா எலும்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே கூடிவிடும். ப்ரீஸ்னிட்ஸுக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற ஃபார்முலாவை 1978-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே பின்னாளில், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கமும் உடல் தன்னைச் சரிசெய்யும் வேலையின் ஒரு பகுதி என்பதே காரணம்.

அப்போ ஐஸ் வைக்கலாமா?

வலிக்கு வைக்கலாம். துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 முதல் 20 நிமிடம் போதும். நேரடியாகத் தோலில் வேண்டாம். உணர்ச்சி குறைந்த கால் உள்ள சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. காலை ஊன்றவே முடியவில்லை, மூச்சு விடும்போது நெஞ்சு குத்துகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்க. ப்ரீஸ்னிட்ஸ் காலத்தில் எக்ஸ்ரே இல்லை, நமக்கு இருக்கிறது!