ஆண்டர்சனின் நானூற்றைந்து

போன டிசம்பரில் நாங்கள் நாலு பேர், ரெண்டு பைக்கில் அமிர்தி போனோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967இல் ஆரம்பித்த சின்ன உயிரியல் பூங்கா ஒன்று அங்கே இருக்கு. மான், மயில், முதலை எல்லாம் பார்த்துவிட்டு அருவி வரை நடந்து, வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் என் ரூம்மேட் போனில் ஒரு வீடியோ காட்டினான்.

வீடியோவில் ஒரு துப்பாக்கி. கௌபாய் படத்தில் வருமே, விரல் நுழைக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்து, சடக் சடக்கென்று தோட்டா ஏற்றுவார்களே, அந்த வகை. லீவர் ஆக்‌ஷன். வின்செஸ்டர் 1895 மாடல். நூறு வருஷத்துக்கு முந்தைய டிசைனை ஜப்பானில் மிரோகு என்ற கம்பெனி மறுபடி புதுசாகச் செய்து விற்கிறது. வேலைக்குப் போய் மூணே வருஷத்தில் இதை வாங்கிவிடுவேன் என்று அவன் சத்தியம் செய்தான்.

எனக்கு அந்த மாடல் நம்பரைக் கேட்டதும் வேறு ஒருத்தர் ஞாபகம் வந்தது. நீங்க சிபிஎஸ்இ-ல ஒன்பதாவது படிச்சிருந்தா உங்களுக்கும் அவரைத் தெரியும். இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு கரடிக்குட்டி கதை வருமே, எலி விஷத்தைத் தின்னுட்டு பிழைச்சு வருமே, அதை எழுதியவர். கென்னத் ஆண்டர்சன். இதே மாடல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அவர் நம்ம பக்கத்துக் காடுகளில் சுற்றினார்.

பேரைப் பார்த்து லண்டனிலிருந்து வந்த துரை என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவர் குடும்பம் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே இருந்தது. 1910 மார்ச் 8ஆம் தேதி, செகந்திராபாத் பக்கம் பொலாரம் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ராணுவத்தின் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஆபீசில் அதிகாரி. வேட்டையும் துப்பாக்கியும் அப்பா மூலமாகத்தான் பையனுக்கு வந்தது. படிப்பு பெங்களூரில், பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு மனசு ஒட்டவில்லை, பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். வீட்டில் என்ன திட்டு வாங்கியிருப்பார் என்று நம்மால் ஊகிக்க முடியும்.

வந்தவர் காட்டுக்குள் குடிசை போட்டு உட்கார்ந்துவிடவில்லை. தபால் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்து 15 வருஷம் அங்கேயே இருந்தார். அப்புறம் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்கு மாறினார். அங்கே அவர் வகித்த பதவியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபேக்டரி மேனேஜர், பிளானிங். நாம ஆறாவது செமஸ்டரில் தூங்கித் தூங்கிப் படித்தோமே புரொடக்‌ஷன் பிளானிங், அதுதான் அவருக்குச் சோறு போட்டது. 1929இல் கல்யாணம், ஜூன் என்று ஒரு பெண், டொனால்ட் என்று ஒரு பையன். வார நாளில் ஆபீஸ். லீவு கிடைத்தால் கார் நேராகக் காட்டுக்குப் போகும்.

அந்தக் காடுகளின் பெயரைப் பாருங்க: ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், சின்னாறு, ஏலகிரி, சித்தூர் பக்கத்து மாமண்டூர். நம்ம காலேஜ் பஸ் ரூட் போல இருக்கு. ஏலகிரியில் ஆட்களைக் கொன்ற சிறுத்தையைப் பற்றி அவர் தனியாக ஒரு கதையே எழுதியிருக்கிறார். நாம வீக்எண்ட் டிரிப் போய் போட்டிங்கில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் அதே ஏலகிரி.

இப்போ துப்பாக்கிக்கு வருவோம். 1895 மாடலை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர். அதற்கு முந்தைய லீவர் துப்பாக்கிகளில், குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். கூர்மையான முனை உள்ள தோட்டாவை அதில் போட்டால் சிக்கல். பின்னால் இருப்பதன் முனை, முன்னால் இருப்பதன் பிரைமரை இடிக்கும். துப்பாக்கி அதிரும்போது குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். பிரௌனிங் அந்தக் குழாயைத் தூக்கிவிட்டு, லீவருக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தார். தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கில் உட்காரும். ஒரு பிரச்சினை, ஒரு சுத்தமான தீர்வு. நம்ம டிசைன் சாருக்குக் காட்டினால் சந்தோஷப்படுவார்.

ஆண்டர்சன் வைத்திருந்தது .405 ரகம். 1904இல் வந்த தோட்டா. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா போனபோது இதே ரகத்தை எடுத்துப் போனதால் அதற்கு உலகப் புகழ். ஈயமும் செம்பும் சேர்ந்த 300 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 19.4 கிராம் குண்டு, நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேகம். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க, 4300 ஜூலைத் தாண்டும். நம்ம நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர்கன்னுக்கு உச்ச வரம்பு 20 ஜூல். சுடுபவரின் தோளுக்கும் அந்த .405 நல்ல உதை கொடுக்கும். ஆனால் முதல் குண்டு தவறினால், கண்ணையும் தோளையும் எடுக்காமலேயே அடுத்த குண்டை ஏற்றலாம். புலி பாய்ந்து வரும்போது அந்த ஒரு நொடிதான் உயிர்.

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவுகளில் அவர் கணக்கில் இருப்பது 8 சிறுத்தை, 7 புலி. எல்லாமே ஆட்கொல்லிகள். ஒரு ஊரில் தொடர்ந்து ஆட்கள் சாகும்போது கூப்பிட்டு அனுப்புவார்கள். ராத்திரி முழுக்க மரத்தில் பரண் கட்டி உட்காருவார். சில சமயம் நிலா வெளிச்சத்தில் தனியாக நடப்பார். காடு படிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் துரைமார்கள் இல்லை. சின்னாற்றங்கரையில் வளை மாதிரி ஒரு குழியில் குடும்பத்தோடு வாழ்ந்த பைரா பூசாரி, பென்னாகரத்து ரங்கா போன்றவர்கள். அவர்கள் பெயரைப் போட்டு, அவர்கள் செய்ததைச் சொல்லித்தான் எழுதினார். பைரா பெயரிலேயே ஒரு அத்தியாயம் உண்டு.

முதல் புத்தகம் 1954இல் வந்தது, ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு ஒற்றை யானையும் என்று பொருள்படும் தலைப்பு. அப்போது அவருக்கு வயது 44. அடுத்தடுத்து புத்தகங்கள் வந்தன. கடைசிப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1976இல் வெளியானது. அவற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். நல்ல புலி திடீரென்று மனுஷனைத் தின்பதில்லை. யாரோ அரைகுறையாகச் சுட்டு, காயத்தோடு ஓடவிட்டிருப்பார்கள். மானைத் துரத்த முடியாமல் போன புலி, மெதுவாக நடக்கும் நம்மைப் பிடிக்கும். அதாவது ஒரு துப்பாக்கி செய்த தப்பைச் சரிசெய்ய இன்னொரு துப்பாக்கி போக வேண்டியிருந்தது.

அவரைப் புனிதராக்க எனக்கு ஆசை இல்லை. இளவயதில் பொழுதுபோக்குக்கும் சுட்டவர்தான். அந்தக் கரடிக்குட்டி கதையையே எடுங்க. மைசூர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஒருத்தர் வெளியே வந்த ஒரு கரடியைச் சும்மா சுட்டுவிட்டார். அதன் முதுகில் குட்டி இருந்தது. செத்த அம்மாவைச் சுற்றிச் சுற்றி ஓடிய அதைப் பிடித்து வந்து மனைவிக்குக் கொடுத்தார் ஆண்டர்சன். ஒன்பதாவதில் எனக்கு குட்டி எஞ்சின் ஆயில் குடித்த இடம்தான் காமெடியாக மனசில் நின்றது. அதன் அம்மா எப்படிச் செத்தது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பரீட்சைக்கும் அது வரவில்லை.

குட்டி வளர்ந்து பெரிய கரடியானது. வீட்டில் வைக்க முடியாமல் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அது சரியாகச் சாப்பிடவில்லை, இங்கே அவர் மனைவியும் சாப்பிடவில்லை. மூணு மாசம் கழித்துப் பார்க்கப் போனபோது கம்பிக்குப் பின்னாலிருந்தே அது அவரை அடையாளம் கண்டு தலைகீழாக நின்றது. கடைசியில் அனுமதி வாங்கித் திரும்பக் கூட்டி வந்து, வீட்டு வளாகத்திலேயே அகழி தோண்டி ஒரு குட்டித் தீவு அமைத்துக் கொடுத்தார்கள். அமிர்தியில் கூண்டு கூண்டாகப் பார்த்துவிட்டு வந்த மதியம் இதெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

வயசு ஏற ஏற ஆண்டர்சன் மாறினார். துப்பாக்கியைவிட கேமராவைப் பற்றி அதிகம் பேசினார். காடு சுருங்குவதையும், ராத்திரியில் ஜீப்பில் விளக்கு அடித்து மானைச் சுடுவதையும், எருமைச் சடலத்தில் விஷம் வைத்துப் புலியைக் கொல்வதையும் கோபமாக எழுதினார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. புற்றுநோயால் அவர் பெங்களூரில் இறந்தது 1974 ஆகஸ்ட் 30. வயது 64.

இதையெல்லாம் டீக்கடையில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே ஊர். அவங்க அப்பா காலத்தில் வீட்டில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக் குழல். போலீஸும் வனத்துறையும் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு செய்தபோது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்களாம். கொடுத்தது கஷ்டமாக இல்லையா ஐயா என்று என் ரூம்மேட் கேட்டான். காட்டில் சுடுவதற்கு என்ன தம்பி மிச்சம் இருக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. போனையும் பாக்கெட்டில் போட்டான்.

ரூம்மேட்டுக்காக நான் சட்டத்தையும் பார்த்து வைத்தேன். வயசு 21 ஆகியிருக்க வேண்டும். அது மட்டும் எங்களுக்குப் பாஸ். ஏன் தேவை என்ற காரணத்தோடு கலெக்டரிடம் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ். ஒருத்தர் அதிகபட்சம் ரெண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், 2019 திருத்தத்துக்குப் பிறகு. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் சலுகை பெரிய அளவில் போட்டிகளில் சுடுபவர்கள் மாதிரி சிலருக்குத்தான். ஆக, ஜப்பான் துப்பாக்கி அமெரிக்காவில் இருப்பவனுக்குக் கிடைக்கும், அமிர்தி டீக்கடையில் இருப்பவனுக்கு இல்லை. கிடைத்தாலும், அதைக் கொண்டு காட்டில் எதையும் சுட முடியாது. சுடவும் கூடாது.

மிரோகு செய்வது நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. இரும்பு பழசைவிட உறுதி. ஆண்டர்சனிடம் இருந்ததில் இல்லாத சேஃப்டி பட்டன்கூட அதில் இருக்கு. ஆனால் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நினைத்தது வேறு. எனக்கு கேம்பஸில் ஒரு வேலை கிடைத்திருக்கு. பிடித்த வேலை இல்லை. இத்தோடு நம்ம கதை முடிந்தது என்று ரெண்டு மாசமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டர்சனுக்கும் தபால் ஆபீஸும் பிளானிங் டிபார்ட்மென்ட்டும் பிடித்ததா என்று தெரியாது. வேலையை விடாமலேயே அவர் காட்டுக்குப் போனார், போனதை உட்கார்ந்து எழுதினார், தப்பு என்று பட்டதை 50 வயசுக்கு மேலேயும் மாற்றிக்கொண்டார். அவர் கையில் இருந்த லீவு எனக்கும் வருஷத்துக்குக் கிடைக்கும்.

ரூம்மேட் இப்போ துப்பாக்கி பேச்சை விட்டுவிட்டான். செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும் பெரிய லென்ஸும் தேடிக்கொண்டிருக்கிறான். ஜூனியர்ஸ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க. ஜவளகிரி பக்கம் ஒரு ரவுண்டு போகலாம் என்று இருக்கோம், வர விருப்பம் உள்ளவர்களும் சொல்லுங்க. பைக்கில் இன்னும் ஒரு சீட் காலி.