சர்ச் இல்லை, குரு இல்லை, பூசை இல்லை: யாழ்ப்பாணத்தின் 29 ஆண்டுகளும் ஜோசப் வாஸும்

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நீங்கள் அன்று இருந்திருந்தால் ஞாபகம் இருக்கும். சர்ச் பூட்டிக் கிடந்தது. தாராவியில் முதல் கொரோனா தொற்று பதிவாகி பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. ஒரே அறையில் மொத்தக் குடும்பம், நடுவில் ஒரு மொபைல், அதில் ஒரு ஃபாதர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பூசை வைத்துக்கொண்டிருந்தார். ஜெபத்துக்கெல்லாம் பதில் சொல்லியாச்சு. நற்கருணை நேரம் வந்ததும்தான் சிக்கல். திரையிலிருந்து அதை எப்படி வாங்குவது?

மகாராஷ்டிராவில் வழிபாட்டுத் தலங்கள் திறக்க நவம்பர் 16 ஆனது. அடுத்த ஆண்டு மறுபடி மூடி, அக்டோபர் 7 அன்றுதான் திறந்தார்கள். அந்த மாதங்கள் முழுக்க வீடுகளில் ஓடிய கேள்வி இதுதான்: சர்ச்சுக்குப் போக முடியாவிட்டால் ஒரு கிறிஸ்தவர் எதைத் தானே செய்துகொள்ளலாம், எது மட்டும் முடியாது?

இதே கேள்வியோடு 29 ஆண்டுகள் வாழ்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில். அவர்களைத் தேடிப் போனவர், மும்பை இருக்கும் இதே மேற்குக் கரையில், கோவாவில் பிறந்த ஜோசப் வாஸ்.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

1658-ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். இருவருமே கிறிஸ்தவர்கள்தான். ஆனால் டச்சுக்காரர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கர் என்றால் போர்ச்சுகலின் ஆள் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆண்டே உத்தரவு வந்தது: கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சர்ச்சுகள் டச்சு சபையின் சர்ச்சுகளாக மாறின.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். போர்ச்சுகீசியர் இதில் அப்பாவிகள் இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1620களில் இடித்தவர்கள் அவர்கள்தான். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்த சைவக் குடும்பங்களின் கதை யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. ஒளிந்து வழிபடும் நிலைமை கத்தோலிக்கருக்கு வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தது.

ரெக்கார்டு ஒன்று, வீடு ஒன்று

டேட்டாவோடு வேலை செய்பவளாக எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. டச்சுக்காரர்கள் பதிவேடு எழுதுவதில் கெட்டி. ஞானஸ்நானமும் கல்யாணமும் அவர்களுடைய பதிவில் இருந்தால்தான் சட்டப்படி செல்லும், சொத்தும் பிள்ளைக்குப் போகும். அதனால் கத்தோலிக்கக் குடும்பங்களும் போய்ப் பதிந்தன, பிள்ளைகளை டச்சுப் பள்ளிக்கு அனுப்பின. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பால்தேயுஸ் 1672-ல் வெளியிட்ட நூலில் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையெல்லாம் வருகிறது. அந்த எண்களை மட்டும் பார்த்தால் குடாநாடே சீர்திருத்த சபைக்கு மாறிவிட்டது என்றுதான் நீங்கள் எழுதுவீர்கள்.

ராத்திரியானால் வீட்டுக்குள் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் பதில் சொன்னார்கள். இது எப்படிச் சாத்தியம் என்றால், கத்தோலிக்க ஒழுங்கிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கக் குரு தேவையில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஜெபத்துக்கும் மறைக்கல்விக்கும் அப்படியே. ஜப்பானில் இப்படியே இருநூறு வருஷத்துக்கு மேல் குரு இல்லாமல் தாக்குப்பிடித்தவர்கள் 1865-ல் நாகசாகியில் வெளியே வந்தார்கள்.

ஆனால் பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் குரு வேண்டும். 1658-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, தானே பிள்ளை பெற்ற பிறகும் ஒரு பூசைகூடப் பார்த்திருக்காது. யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு ஒரு ஈஸ்டர் எவ்வளவு கனமாக இருந்தது!

பிச்சைக்காரராக வந்தவர்

வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று பெனாலிமில் பிறந்தார். 1676-ல் குருப்பட்டம். கன்னடக் கரையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, கோவா திரும்பி, உள்ளூர்க் குருக்கள் தொடங்கியிருந்த ஓரட்டோரியன் சபையில் சேர்ந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் அன்று இந்தியர்களைச் சேர்க்காது. அதனால் அவர்களே ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். இலங்கை விஷயத்தில் அதுவே வசதியாகவும் ஆனது. ஐரோப்பியக் குரு போனால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இவர் கூலிக்காரர் மாதிரி உடுத்தி நடந்தால் யாருக்குத் தெரியும்?

அப்படித்தான் போனார். ஜான் என்ற வேலைக்காரர் மட்டும் துணை. தூத்துக்குடி வரை வந்து, அங்கிருந்து கடல் கடந்து, 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். மும்பையில் இருக்கும் உங்களில் பலருடைய தாத்தா பாட்டி ஊர்ப்பக்கத்துக் கரைதான் அது. போய்ச் சேரும்போது கடும் வயிற்றுப்போக்கு, உயிர் பிழைத்ததே பெரிது.

தேறியதும் பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார். கழுத்தில் ஒரு ஜெபமாலை மட்டும் வெளியே தெரியும். அதைப் பார்த்ததும் எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ, அது கத்தோலிக்க வீடு. நம்பிக்கை வந்த பிறகுதான் தான் யார் என்று சொன்னார். சில்லாலை கிராமம் அவருக்குத் தங்குமிடம் ஆனது. பூசை எப்போதும் இரவில், ஒவ்வொரு முறையும் வேறு வீட்டில். யாழ்ப்பாணத்தில் அவர் ஓர் இடத்தில் சர்ச் கட்ட முயலவே இல்லை. வீட்டுக்காரர்கள் தாங்களே நடத்திக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அவர்களால் முடியாததை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். தமிழ் கற்றார், பின்னால் சிங்களமும்.

1689 கிறிஸ்துமஸ் இரவு. பூசைக்குக் கூடியிருந்தவர்களை டச்சுப் படை சுற்றி வளைத்தது. வாஸ் தப்பினார். கூட்டத்தினர் தப்பவில்லை. பலருக்குச் சிறை, சிலருக்குக் கடின வேலை, ஒருவர் அடிபட்டே இறந்தார். அவரது வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. கூடுவதற்கான விலையை அன்று கொடுத்தது கூடியவர்கள்தான். தொற்று நாட்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சர்ச்சுக்கு அனுப்பலாமா என்று நீங்கள் தயங்கினீர்களே, அந்தத் தயக்கத்துக்கும் இதற்கும் ரொம்பத் தூரம் இல்லை.

கண்டியில்

அதன்பின் புத்தளம் வழியாக 1692-ல் கண்டிக்குப் போனார். பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் தலைநகரம். போனதும் போர்ச்சுகீசிய உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். சிறையிலும் பூசை வைத்தார். மெல்ல மெல்ல மன்னருக்குச் சந்தேகம் தீர்ந்தது. சக கிறிஸ்தவர்களின் ஆட்சியில் கிடைக்காத இடம் பௌத்த மன்னரிடம் கிடைத்தது. அங்கிருந்தே மாறுவேடத்தில் டச்சுக் கொழும்புக்குள் நுழைந்து இரவுப் பூசைகள் வைத்தார்.

1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்த வீட்டாரே விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸும் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த உறவுக்காரக் குரு கார்வாலோவும் அவர்களைக் கழுவி, உணவு கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள், எந்த மதம் என்று பார்க்காமல். ஊரடங்கில் தாராவியின் சந்துகளுக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனவர்களை நீங்கள் பார்த்திருந்தால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதிது அல்ல.

1705-ல் வந்து சேர்ந்த ஜாகோமே கொன்சால்வஸ் இன்னொரு வேலையைச் செய்தார். குரு வராத வாரங்களில் வீட்டிலேயே வாசிக்கத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதுதான்.

24 ஆண்டுகளில் வாஸ் ஒருமுறைகூடக் கோவா திரும்பவில்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் 59 வயதில் இறந்தார். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் ஆங்கிலேயர் ஆட்சியில், 1806-ல்தான் நீங்கின. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதம் இல்லாமலே. கண்டியில் அவரைப் புதைத்த இடம் மட்டும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.