கௌஹர் ஜான்

கௌஹர் ஜான் (ஜூன் 26, 1873 - ஜனவரி 17, 1930) இந்தியாவின் புகழ்பெற்ற இந்துஸ்தானி இசைப் பாடகியும் நடனக் கலைஞரும் ஆவார். இந்தியாவில் முதன்முதலாகக் கிராமபோன் இசைத்தட்டுகளில் பாடியவர்களுள் ஒருவர். 1902 முதல் 1920 வரையான காலப்பகுதியில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் ஏறத்தாழ 600 இசைத்தட்டுகளில் இவரது குரல் பதிவானது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. கிராமபோன் என்னும் புதிய கருவி இந்திய வீடுகளில் இடம்பெற இவரது இசைத்தட்டுகள் பெரிதும் காரணமாயின.

பிறப்பும் இளமையும்

கௌஹர் ஜானின் இயற்பெயர் ஏஞ்சலினா யோவர்ட். இவர் இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள ஆசம்கர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ராபர்ட் யோவர்ட் ஆர்மீனிய மரபினர்; பொறியாளராகப் பணியாற்றியவர். தாய் விக்டோரியா இந்தியாவில் பிறந்தவர். இசையிலும் நடனத்திலும் பயிற்சி பெற்றவர். 1879 ஆம் ஆண்டில் பெற்றோர் பிரிந்தனர்.

அதன் பின்னர் விக்டோரியா தம் மகளுடன் காசிக்குச் சென்று இசுலாம் சமயத்தைத் தழுவினார். தாய் மல்கா ஜான் எனவும் மகள் கௌஹர் ஜான் எனவும் பெயர் மாற்றிக் கொண்டனர். காசியில் பாடகியாகப் பெயர் பெற்ற மல்கா ஜான் 1883 இல் கல்கத்தாவில் குடியேறினார். அயோத்தி அரசை இழந்து கல்கத்தாவின் மட்டியாபுருசில் வாழ்ந்து வந்த நவாப் வாஜித் அலி ஷாவின் அவை அப்போது இசைக்கும் நடனத்துக்கும் புகலிடமாக இருந்தது. அவ்வவையில் மல்கா ஜான் இடம்பெற்றார்.

கௌஹர் ஜான் இந்துஸ்தானி இசையைப் பல ஆசிரியர்களிடம் கற்றார். கதக் நடனத்தைப் புகழ்பெற்ற பிந்தாதீன் மகராஜிடம் பயின்றார். வங்காளக் கீர்த்தனைகளையும் கற்றுத் தேர்ந்தார். 1887 இல் தர்பங்கா அரசவையில் இவரது முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. ஹம்தம் என்னும் புனைபெயரில் உருதுப் பாடல்களும் இயற்றினார்.

கிராமபோன் பதிவு

இலண்டனிலிருந்த கிராமபோன் நிறுவனம் ஆசிய நாடுகளில் தன் கருவிகளை விற்க விரும்பியது. அந்தந்த நாட்டு மக்களுக்குப் பழக்கமான இசை இல்லாமல் கருவிகளை விற்பது கடினம் என்பதால், பதிவு வல்லுநரான பிரெட் கைஸ்பர்க் என்பவரை அது ஆசியாவுக்கு அனுப்பியது. அதே 1902 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவரே மிலான் நகரில் என்ரிக்கோ கரூசோ என்னும் இத்தாலியப் பாடகரின் குரலைப் பதிவு செய்திருந்தார். ஐரோப்பாவில் விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்டு வந்த கிராமபோனுக்கு மதிப்பைத் தேடித் தந்தவை கரூசோவின் இசைத்தட்டுகள் எனலாம். இந்தியாவில் அத்தகைய இடத்தைப் பெற்றவர் கௌஹர் ஜான்.

1902 நவம்பர் 8 இல் கல்கத்தாவில் பதிவுகள் தொடங்கின. விடுதி அறைகளே பதிவுக் கூடமாக மாற்றப்பட்டன. முதலில் வங்காள நாடக மேடையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பாடினர். நவம்பர் 11 இல் கௌஹர் ஜானின் குரல் பதிவு செய்யப்பட்டது. சில வாரங்களில் கைஸ்பர்க் குழுவினர் 500 க்கும் மேற்பட்ட பதிவுகளைச் செய்து முடித்தனர். மெழுகில் பதிவான ஒலி செருமனியின் ஹனோவர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கு அரக்குத் தட்டுகளாக அச்சிடப்பட்டு, 1903 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை 1908 இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொடங்கப்பட்டது.

பதிவு முறை

அக்காலத்தில் ஒலிவாங்கி பயன்பாட்டில் இல்லை. மின்முறைப் பதிவு 1925 இல் தான் நடைமுறைக்கு வந்தது. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வு குழாயின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். பாடுபவர் தலையை அசைத்தாலும் ஒலி மங்கிவிடும். மேல் ஸ்தாயியில் பாடும்போது முகத்தைச் சற்றுப் பின்னே இழுத்துக் கொள்ளாவிட்டால் ஒலி சிதறும். ஏறத்தாழ 200 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களே இம்முறையில் ஓரளவு நன்கு பதிவாகும். சாரங்கியின் மென்மையும் தபலாவின் அடிநாதமும் பெரும்பாலும் பதிவாகாமல் போயின.

நேரமும் பெரிய தடையாக இருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பாட இயலும். ஓர் இராகத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரித்துப் பாடுவது இந்துஸ்தானி மரபு. இதனால் மூத்த இசைவாணர்கள் பலர் கிராமபோனில் பாட மறுத்தனர். கௌஹர் ஜான் மறுக்கவில்லை. சுருக்கமான ஆலாபனை, பாடலின் முதலடி, சில விரைவான தானங்கள் என மூன்று நிமிடத்துக்குள் ஒரு பாடலை முழுமையாக்கும் முறையைக் கையாண்டார். பின்வந்த பாடகர்களுக்கு இது முன்மாதிரியாயிற்று.

பாடல் முடிந்தவுடன் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பது இவரது வழக்கம். பாடலையோ பாடகரையோ அறியாத ஹனோவர் தொழிலாளர்கள் தட்டில் சரியான பெயரை ஒட்டுவதற்கு உதவும் பொருட்டு இவ்வறிவிப்பு செய்யப்பட்டது. தொழிற்சாலைக்காக ஏற்பட்ட இவ்வழக்கம், பின்னர் இவரது அடையாளமாகவே மாறிவிட்டது. கருவியை விருந்தினருக்கு இயக்கிக் காட்டியவர்களின் வீடுகளில், பாடகியைக் கண்ணால் காணாதவர்களும் அக்குரலைப் பெயருடன் அறிந்து கொண்டனர்.

புகழ்

இசைத்தட்டுகளின் வாயிலாக இவரது புகழ் நாடெங்கும் பரவியது. இவரது படம் அஞ்சலட்டைகளிலும் ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட தீப்பெட்டிகளிலும் அச்சிடப்பட்டது. 1910 இல் சென்னைக்கு வந்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடினார். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை முன்னிட்டு நடைபெற்ற தில்லி தர்பாரில், அலகாபாத்தைச் சேர்ந்த ஜானகி பாயுடன் இணைந்து பாடினார்.

அதற்கு முன் இத்தகைய பாடகிகளின் இசை அரசவைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் மட்டுமே கேட்கக் கூடியதாக இருந்தது. அவர்களை அழைத்துப் பாடச் செய்யும் வசதியோ, அவர்கள் இல்லம் செல்லும் துணிவோ இல்லாதவர்களும், குறிப்பாக வீட்டிலிருந்த பெண்களும், இசைத்தட்டின் மூலம் இவ்விசையைக் கேட்க முடிந்தது. எனினும் தும்ரி பாடலின் உயிராகக் கருதப்படும் அபிநயத்தை இசைத்தட்டில் காண இயலாது. நடனக் கலைஞராக இவர் பெற்றிருந்த திறமையை அறிய இன்று வழியில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதிக் காலம்

தாய் மல்கா ஜான் 1906 இல் இறந்தார். தாயின் வீட்டில் வளர்ந்த ஒருவர், தாமே மல்கா ஜானின் மகன் என உரிமை கோரிச் சொத்துக்காக வழக்குத் தொடுத்தார். தம் பிறப்பை மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளான கௌஹர் ஜான், பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த தந்தையைத் தேடிச் சென்று சாட்சி சொல்லக் கேட்க நேர்ந்தது. வழக்கில் இவர் வென்றார். பின்னர் தம் செயலாளராக இருந்தவருடன் ஏற்பட்ட மணவாழ்க்கையும் முறிந்து நீதிமன்றம் சென்றது. இவ்வழக்குகளால் சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அழைப்பை ஏற்று மைசூர் சென்ற இவர், 1928 ஆகஸ்ட் 1 இல் அரண்மனை இசைக்கலைஞராக நியமிக்கப்பட்டார். ஒன்றரை ஆண்டுகளுக்குள், 1930 ஜனவரி 17 இல், மைசூரில் காலமானார்.

இன்றைய நிலை

கௌஹர் ஜானின் அரக்குத் தட்டுகள் பழைய ஒலிப்பதிவு ஆர்வலர்களால் சேகரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் பல பின்னர் குறுந்தகடுகளாக வெளிவந்தன. தொடக்க காலத் தட்டுகள் அனைத்தும் நிமிடத்துக்கு 78 சுற்றுகள் என்னும் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் மாறினால் சுருதியும் குரலின் இயல்பும் மாறிவிடும். எனவே இன்று ஒரு தட்டை ஒலிக்கச் செய்பவர் கேட்கும் குரல் அவருடைய உண்மைக் குரல்தானா என்பது, சரியான வேகத்தைக் கண்டறிவதைப் பொறுத்தது. ஊசியின் உரசலால் எழும் இரைச்சலை நீக்கும்போது குரலின் ஒரு பகுதியும் நீங்கிவிடும் என்பதால், தூய்மையாக ஒலிக்கும் மறுபதிப்பே மூலத்துக்கு நெருக்கமானது என்று கொள்ள இயலாது.

இவரது வாழ்க்கை வரலாற்றை விக்ரம் சம்பத் ஆங்கிலத்தில் எழுதி 2010 இல் வெளியிட்டார். 2018 ஜூன் 26 இல், இவரது 145 ஆவது பிறந்த நாளன்று, கூகுள் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் இவரது படத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது.