கணையத்தில் தீவு கண்ட இளைஞர்

லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நாம், அந்த லாங்கர்ஹான்ஸ் யார் என்று கேட்பதில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மதிய உணவுக்கு முன் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். அவளால்தான் இக்கேள்வி எங்களுக்குப் பிறந்தது. நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கே தருகிறோம்.

பால் லாங்கர்ஹான்ஸ் 1847-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். யேனாவிலும் பெர்லினிலும் மருத்துவம் பயின்றார். புகழ் பெற்ற விர்சோ அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். மாணவராக இருந்தபோதே, 1868-இல், தோலில் கிளைகள் கொண்ட ஒருவகைச் செல்களைக் கண்டறிந்தார். அவை நரம்புச் செல்கள் என்றே அவர் எண்ணினார். அவை நோய் எதிர்ப்புக்கு உதவும் செல்கள் என்பது நெடுங்காலம் கழித்தே தெளிவாயிற்று.

மறு ஆண்டு, 21 வயதில், முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செரிமான நீரைச் சுரக்கும் செல்களுக்கு நடுவே, கடலில் தீவுகள் போல, சிறுசிறு செல் கூட்டங்கள் தென்பட்டன. அவற்றில் நரம்புகள் மிகுந்திருப்பதையும் கண்டு தம் பட்ட ஆய்வுரையில் எழுதினார். அவற்றின் வேலை என்ன என்பது தமக்குத் தெரியாது என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாத அந்த நேர்மை எங்களை மிகவும் கவர்ந்தது.

பின்னர் பாலஸ்தீனம் முதலிய நாடுகளுக்குச் சென்று தொழுநோயாளிகளைக் கண்டு ஆராய்ந்தார். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆனால் 1874-இல் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. நல்ல காற்றை நாடி, அட்லாண்டிக் கடலிலுள்ள மதீரா தீவில் குடியேறினார். அங்கும் சோம்பி இருக்கவில்லை. உடல் சற்றுத் தேறியதும் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்; கடற்புழுக்களை ஆராய்ந்தார். எண்ணூர்க் கடலை நாள்தோறும் காணும் காத்திவாக்கத்துப் பெண்களாகிய நாம், அதிலுள்ள சிற்றுயிர்களை ஒரு நாளாவது உற்றுப் பார்த்ததுண்டா?

1888-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், 41 வயது நிறைய ஐந்தே நாட்கள் இருக்கையில், சிறுநீரகக் கோளாறால் அவர் மறைந்தார். மறு ஆண்டே, கணையத்தை அகற்றிய நாய்க்குச் சர்க்கரை நோய் வந்ததை மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டனர். 1893-இல் லாகெஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், அத்திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரையே சூட்டினார். 1921-இல் டொரோண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்க வழி கண்டனர். 1922 ஜனவரியில் அதை முதலில் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். ஏறக்குறைய நம் வயது!

அவர் கண்ட நரம்புகளுக்கும் வேலை உண்டு. உணவின் மணம் பட்டதுமே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகத் திட்டுகளுக்குச் செய்தி போகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுமுன்பே சிறிது இன்சுலின் சுரக்கிறது. அச்சம் வந்தால் வேறு நரம்புகள் சுரப்பைக் குறைக்கின்றன.

இன்று இறந்தவரின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து, நோயாளியின் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டனில் இவ்வாறு ஏழு பேர் ஊசியின்றி வாழ முடிந்தது. பிரித்தெடுக்கும்போது நரம்புத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆயினும் இரத்தத்தின் சர்க்கரையைத் தாமே உணர்ந்து அவை இன்சுலின் சுரக்கின்றன. மணம் கண்டதும் எழும் அந்த முதற்சுரப்புதான் இல்லாமற் போகிறது. எலிகளில் மாற்றிப் பொருத்திய திட்டுகளுக்குள் நாளடைவில் புதிய நரம்புகள் வளர்ந்து புகுவதையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் புதிய திட்டுகளை உடல் தள்ளிவிடாதிருக்க வலிய மருந்துகளைத் தொடர்ந்து உண்ண வேண்டும். ஆகவே எங்கள் தோழியைப் போன்ற பலருக்கும் ஊசியே துணை.

இராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் நிறுவிய சர்க்கரை நோய் மருத்துவமனை நம் வட சென்னைக்கே பெருமை. அங்கு நிகழும் பணிக்கும், எங்கள் தோழியின் கையிலுள்ள சிறு ஊசிக்கும், 21 வயது மாணவர் ஒருவரின் பொறுமையான பார்வையே முதற்படி. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை. இப்போதெல்லாம் அவள் ஊசி போட்டு முடிக்கும் வரை நாங்களும் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை.